மருத்துவ மாணவர்களுக்கான உரைபெயர்ப்புப் பட்டறை: போகலாமா?

போன சனிக்கிழமை கொக்குவிலில் ஒரு நாள் பட்டறை. உரைபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு நோயாளியோடு எப்படிக் கதைப்பது என்று மருத்துவ மாணவர்களுக்குப் பழக்குகிறார்கள். குறையும் சொல்லப்போவதால் நடத்தினவர்களின் பெயர் வேண்டாம். காசு 2,500 ரூபா, மத்தியானச் சாப்பாட்டோடு (சாப்பாடு மட்டம்).

எனக்கு இது தேவையில்லை என்றுதான் நினைத்தேன். யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில், கூடப் படிக்கிறவர்களில் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், கட்டிலில் கிடக்கிற அம்மாவுக்கோ தமிழ் மட்டும்தான், ஆகவே வார்டில் "மச்சான், இவ என்ன சொல்லுறா?" என்று கூப்பிட்டால் ஓடுகிற ஆள் நான்.

பின்னேரம் நோயாளியாக நடிக்க ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர் வந்தா. ரெண்டு நிமிசம் கதைத்தா: நாரி (கீழ்முதுகு) நோகுது, சலம் போகேக்கை எரியுது, மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பிறசர் குளிசை (மாத்திரை) முடியப்போகுது எண்டு பாதியாய் உடைச்சுப் போடுறன். டாக்டராக இருந்த நண்பனுக்கு நான் உரைபெயர்த்துச் சொன்னது ஒரே வரி: நாரி நோ, சலக்கடுப்பு, கிருமித்தொற்றுப் போல. பதிவைத் திருப்பிப் போட்டார்கள். குளிசையைக் காணோம், மகளையும் காணோம், போதாக்குறைக்கு வருத்தம் என்னவென்று நானே முடிவுகட்டியும் விட்டேன். இத்தனை நாளும் வார்டில் எத்தனை குளிசையை விழுங்கினேனோ.

பிறகு கதிரைகளை மாற்றிப் போட்டார்கள். டாக்டரும் நோயாளியும் நேருக்கு நேர், உரைபெயர்ப்பவர் நோயாளிக்குப் பக்கத்தில் கொஞ்சம் பின்னுக்கு. "எப்ப இருந்து எண்டு அவவிட்டைக் கேள்" என்று சொல்லக்கூடாது, நோயாளியின் முகத்தைப் பார்த்து "உங்களுக்கு எப்ப இருந்து நோகுது?" என்று கேட்கவேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு ஒரு கேள்விதான். உரைபெயர்ப்பவரும் "அவ சொல்லுறா" என்று தொடங்காமல் "எனக்கு நோகுது" என்றே சொல்லவேண்டும். கடைசியில் "விளங்கிச்சுதோ" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் தலையாட்டுவார்கள், ஆகவே குளிசையை எப்படிப் போடப்போகிறார் என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பது. கேட்க லேசுதான், ஆனால் நண்பனின் கண் திரும்பத் திரும்ப என்னிடம்தான் வந்தது.

காலை அமர்வு வீண். காட்டின வீடியோ எல்லாம் வெளிநாடு, போனை எடுத்தால் உரைபெயர்ப்பாளர் வந்துவிடுகிறார். எங்கள் வார்டில் அப்படி ஒருவரை நான் கண்டதில்லை. வருவது மிஸ் (தாதி), இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டில் ஆள், இல்லாவிட்டால் நான். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கக்கூடாத கதையை என்ன செய்வது என்று கேட்டேன், மழுப்பினார்கள்.

தந்த சொற்பட்டியலில் வாந்தி, மாத்திரை. இங்கே யார் வாந்தி எடுக்கிறார்கள்? சத்திதான். 'வருத்தம்' என்றால் கவலை இல்லை, நோய் என்று சிங்கள நண்பர்களுக்குத் தேத்தண்ணி நேரத்தில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். 1847இல் வந்த அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த ஊர் இது, பட்டியலை ஒருதரம் ஊராளிடம் காட்டியிருக்கலாம். சிங்களத்துக்கு வெறும் அரை மணித்தியாலம், "கொஹெத ரிதென்னே?" (எங்கே நோகுது?) என்பதோடு சரி. நாளைக்கு அநுராதபுரத்தில் நியமனம் கிடைத்தால் அந்தரிக்கப்போவது நான்.

ஆனாலும் போங்கள், ரீச்சருக்காகவே காசு சரி. காலையில் பிந்தினாலும் பரவாயில்லை, 2 மணிக்கு முதல் போய் முன்வரிசையில் இருங்கள், நடிக்க அங்கேயிருந்துதான் ஆளெடுக்கிறார்கள்.