அறிவிப்பு நோட்டு: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்று மூன்று ஆண்டுகளாக என் மேசையில் இருக்கிறது. ஒரு நிறுவனம் புதிய பொருளை அறிவிக்கும்போது, மேடையில் சொன்ன சொற்களை அப்படியே இடப்பக்கத்தில் எழுதித் தேதி போடுவேன். பொருள் விற்பனைக்கு வந்ததும், உண்மையில் என்ன வந்தது என்பதை வலப்பக்கத்தில் எழுதுவேன்.

இதைத் தொடங்க வைத்தது ஒரு கைபேசி. அறிமுக விழாவில் காட்டிய ஒரு வசதிக்காகவே முதல் நாளில் முன்பதிவு செய்தேன். அந்த வசதி "பின்னர் வரும் மென்பொருள் புதுப்பிப்பில்" கிடைக்கும் என்றார்கள். எட்டு மாதம் காத்திருந்தேன். வந்தபோது அது ஆங்கிலத்தில் மட்டும், அரைகுறையாக வேலை செய்தது. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் பேச்சை நம்பித் தம்பியும் அதே கைபேசியை வாங்கியிருந்தான். "அண்ணா, அது எப்போது வரும்?" என்று அவன் மாதந்தோறும் கேட்டபோதெல்லாம் எனக்கு முகம் வாடிப்போனது.

நோட்டில் எழுதத் தொடங்கிய பிறகுதான் சொற்களின் எடை எனக்குப் புரிந்தது. "இன்று முதல்" என்பது ஒரு ரகம். "இந்த ஆண்டு இறுதிக்குள்" என்பது வேறு ரகம். "விரைவில்" என்பதை இப்போது தேதியே இல்லாத சொல்லாகத்தான் படிக்கிறேன். திரையின் அடியில் சிறிய எழுத்தில் ஓடும் "சித்திரிக்கப்பட்ட காட்சி" என்ற வரியையும் விடாமல் குறித்துக்கொள்கிறேன்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்கிறது. ஆப்பிள் 2017 செப்டம்பரில் ஏர்பவர் சார்ஜரைக் காட்டி, அடுத்த ஆண்டு வரும் என்றது. 2019 மார்ச்சில், தன் தர அளவுக்கு அது எட்டவில்லை என்று திட்டத்தையே கைவிட்டது. சிரி என்ற தன் குரல் உதவியாளருக்கு 2024 ஜூனில் காட்டிய புதிய வசதிகளையும் 2025 மார்ச்சில் தள்ளிவைத்தது. டெஸ்லாவின் சைபர்டிரக் என்ற மின்வண்டி 2019இல் 39,900 டாலரிலிருந்து கிடைக்கும் என்றார்கள். 2023 நவம்பரில் விநியோகம் தொடங்கியபோது விலைப்பட்டியலின் தொடக்கமே 60,990 டாலர். இவற்றையெல்லாம் பழைய செய்திகளிலிருந்து நோட்டின் பின்பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன். முன்பதிவு செய்ய விரல் துடிக்கும்போது அந்தப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டுகிறேன்.

இரண்டாம் ஆண்டில்தான் நான் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. நான் மனம் நொந்த சில பொருள்களின் இடப்பக்கத்தைத் திரும்பப் படித்தேன். எந்த வசதி இல்லையென்று நொந்தேனோ, அதை அந்த நிறுவனம் சொல்லவே இல்லை! அறிவிப்புக்கு முன் கசிந்த வதந்திகளையும் என் ஆசைகளையும் சேர்த்து அந்தப் பொருளை நானே மனத்துக்குள் கட்டியிருந்தேன். அதற்குப் பிறகு என் கோபம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சொல்லாததற்கு யாரையும் குறை சொல்வதில்லை. எழுத்தில் சொல்லிவிட்டுத் தராததற்குத் தயங்காமல் கடிதம் எழுதிப் பணத்தைத் திரும்பக் கேட்கிறேன். கேட்பது வீண் என்று நினைக்கத் தேவையில்லை. ஸ்டேடியா என்ற இணைய வீடியோ விளையாட்டுச் சேவையை 2023 ஜனவரியில் மூடிய கூகுள், தன் கடைகளில் வாங்கிய கருவிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் பணத்தைத் திருப்பித் தந்தது.

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. வலப்பக்கத்தைச் சீக்கிரம் மூடிவிட்டால் அநியாயம் செய்துவிடுவோம். நோ மேன்ஸ் ஸ்கை என்ற வீடியோ விளையாட்டு 2016 ஆகஸ்டில் வெளிவந்தபோது, பலர் ஒன்றாக ஆட முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். 2018 ஜூலையில் அந்த வசதி இலவசப் புதுப்பிப்பாகவே வந்தது. அதனால் இப்போது வலப்பக்கத்தின் கீழ்ப்பாதியைக் காலியாக விடுகிறேன்.

விழாக்களைப் பார்ப்பதை நான் நிறுத்தவில்லை. அந்தப் பரபரப்பு எனக்கு இன்னும் பிடிக்கும். தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். சென்ற மாதம் ஒரு புதிய கைக்கடிகாரத்துக்கு முன்பதிவு செய்யலாமா என்று கேட்டான். இடப்பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அவனுக்கு வேண்டிய இரண்டு வசதிகளில் ஒன்றுக்கு "விரைவில்" என்றிருந்தது. மற்றது ஏற்கெனவே விற்பனையில் உள்ள பழைய மாடலிலேயே இருந்தது. பழையதை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். புதியதற்கான வலப்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.