டீ வண்டி ஆர்டர் கொடுக்கப் போறீங்களா? 55,000 ரூபாய் போன கதை இது

"முழுக்க 304 எஸ்எஸ், 18 கேஜ், டெலிவரி ஃப்ரீ" என்று வீடியோ போட்டு ஆர்டர் பிடிக்கும் வண்டிப் பட்டறை ஒன்றுக்கு 55,000 ரூபாய் அழுதாச்சு. (304 எஸ்எஸ் என்பது எளிதில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம், கேஜ் என்பது தகட்டின் தடிமனைக் காட்டும் எண்.) மழைக்காலம்கூட இன்னும் வரவில்லை, அதற்குள் வெல்டிங் ஓரமெல்லாம் துரு.

நம்பவைத்த விதத்தைக் கேளுங்கள். பட்டறைக்காரன் தகட்டின்மேல் காந்தத்தை வைத்து, "ஒட்டலை பாருங்கண்ணே, அசல் 304" என்றான். 202 என்ற ரகத் தகட்டிலும் காந்தம் சரியாக ஒட்டாது! நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவுச் சரக்கு அது. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் சீக்கிரமே பல்லிளித்துவிடும். 304-லும் வெல்டிங்கைச் சுத்தம் செய்யாமல் விட்டால் பழுப்பேறும்தான், ஆனால் தேய்த்தால் போய்விடும். இதில் தேய்க்கத் தேய்க்கக் குழி விழுகிறது. 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ. இருக்கணும். தடிமன் அளக்கும் காலிப்பரில் 0.7தான் காட்டியது, அதாவது 22 கேஜ். கேஜ் எண் கூடினால் தகடு மெலிசு.

சிலிண்டர் பெட்டி அதைவிடக் கொடுமை. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் அளவுக்கு அடித்திருக்கிறான். கடைக்கு 19 கிலோ கமர்ஷியல்தான் வைக்கணும், அது உயரம், கதவு மூடவில்லை. "படுக்கப் போட்டுக்கோங்க" என்றானே பார்க்கலாம்! படுக்கப் போட்டால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாயில் வந்து அடுப்பு குப்பென்று எரியும். காற்றுத் துளையையும் மேலே போட்டிருக்கிறான். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். துளை அடியில் இருக்கணும்.

இரண்டு 20 லிட்டர் கேனுக்கும் சிலிண்டர் பக்கமே இடம். தண்ணீர் மட்டுமே 40 கிலோ, சிலிண்டர் எடை தனி. மொத்தப் பாரமும் ஒரே ஓரத்தில். சக்கரம் நாலும் சின்னக் காஸ்டர் (எல்லாப் பக்கமும் திரும்பும் குட்டிச் சக்கரம்), ஃப்ரேமில் வெல்ட் செய்யாமல் அடித்தகட்டில் போல்ட் போட்டது. ஒரு பள்ளத்தில் இறங்கியதும் தகடு கிழிந்து சக்கரம் மடங்கிவிட்டது. பால் சட்டி அடுப்பில் இல்லாததால் பிழைத்தோம்.

போன் செய்தால் முதலில் "கடல்காத்து அப்படித்தான் சார்". அப்புறம் "உப்புத்தண்ணில கழுவுனீங்களா?" அதற்கப்புறம் "ஓனர் வெளியூர்ல இருக்காரு". இப்போது ரிங் போகிறது, எடுப்பதில்லை. பில் கேட்டால் "ஜிஎஸ்டி தனியா ஆகும்" என்று அன்றைக்கே மழுப்பியதற்கு அர்த்தம் இப்போது புரிகிறது. 55,000 சார், டீ விற்று எடுக்க எத்தனை கிளாஸ் ஆத்தணும்!

விவரமாக எழுதப் பொறுமை இல்லை. காந்தத்தை நம்பாதீங்க. தகட்டில் சொட்டு விட்டு பேட்டரி வைத்துப் பார்க்கும் டெஸ்ட் திரவம் கிடைக்கிறது, உடனே சிவந்தால் 202. கிரேடும் கேஜும் பில்லில் எழுதி வாங்குங்க. பாரம் தாங்க ஆக்ஸில் போட்ட பெரிய சக்கரம் இரண்டு, திரும்ப மட்டும் காஸ்டர். 19 கிலோ சிலிண்டரை உள்ளே நிறுத்தி, கேனில் தண்ணீர் நிரப்பி, பட்டறை வாசலிலேயே தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணம். முழுப் பணம் கேட்கிறவனிடம் போகவே போகாதீங்க.