பழைய மகிந்திரா ஜீப்பில் வீல் ஸ்டட் மாற்றியது: நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

எங்கள் மாந்தோப்பு வேலைக்கு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மகிந்திரா சிஜே-3பி ஜீப்பின் இடப்பக்க வீல் ஸ்டட்டுகளை, அதாவது சக்கர நட்டுகள் ஏறும் மரை போட்ட தண்டுகளை, மாற்றிச் சில ஆண்டுகள் ஆகின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையிலும், தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் அஞ்செட்டி மலைச்சாலையிலும், பருவத்தில் மாங்காய்ப் பாரத்தோடும் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவன வடிவமைப்பில் வந்த இந்தப் பழைய ஜீப்புகளில் வலப்பக்கச் சக்கரங்களுக்கு வழக்கமான வலது மரையும் (வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது), இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரையும் (இடஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது) இருக்கும். வண்டி ஓடும்போது சக்கரத்தின் சுழற்சியே நட்டைத் தளர்த்திவிடக் கூடாது என்று அக்காலத்தில் செய்த ஏற்பாடு அது. ஸ்டட்டின் முனையில் ‘எல்’ என்று பொறித்திருந்தாலும், துருவும் பெயின்ட்டும் படிந்துவிட்டால் அது கண்ணில் படாது. பஞ்சர் கடை ஒன்றில் ஏர் கன்னை வைத்துக் கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டே போனதில், பின்பக்க இடச் சக்கரத்தில் இரண்டு ஸ்டட்டுகள் ஒடிந்தன. இன்னொன்றின் மரை உருண்டுபோனது.

உருண்ட மரைக்கு டை (மரை வெட்டும் கருவி) ஓட்டிக்கொள்ளலாம், ஒடிந்ததை வெல்டு வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் சொன்னார்கள். முனையில் லேசாக அடிபட்ட மரைக்கு டை ஓட்டுவதில் தவறில்லை. ஆனால் அளவுக்கு மீறி முறுக்கி இழுபட்ட ஸ்டட்டை டை சரிசெய்யாது. உள்ளே வலுவிழந்த இரும்பு அப்படியேதான் இருக்கும். வெல்டு வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன், ஏனெனில் பதமேற்றிய எஃகின் பதம் அந்தச் சூட்டிலேயே கெட்டுவிடும். ஒன்று ஒடிந்தால் அதன் பாரம் மீதமுள்ளவற்றின் மேல் ஏறியிருக்கும் என்பதால், அந்தச் சக்கரத்தின் ஐந்தையும் மாற்றுவதே முறை.

வேலையில் கவனம் தேவைப்படும் இடங்கள் இரண்டு. என் ஜீப்பின் பின் ஆக்ஸில் முனை கூம்பாகக் கடைந்தது. சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப், வழுக்கிச் சுழலாதபடி கீ என்னும் சிறு இரும்புத் துண்டோடு அதில் இறுகிப் பிடித்திருக்கும். அதை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் பிடித்துக்கொள்வது அதே வீல் ஸ்டட்டுகளைத்தான் என்பதால், நல்ல ஸ்டட்டுகள் மூன்று மிஞ்சியிருந்தால்தான் வேலை சுலபமாக முடியும். அடுத்தது, பிரேக் ட்ரம்மையும் ஹப்பையும் சேர்த்துப் பிடிக்க ஸ்டட்டின் கழுத்தைச் சுற்றிலும் விரித்து அடித்திருப்பார்கள். அந்த விரிந்த வளையத்தைக் குழாய் வடிவக் கட்டரால் வெட்டி எடுக்காமல் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினால், ஹப்பின் துளை பெரிதாகிவிடும். பிறகு எந்தப் புது ஸ்டட்டும் இறுகி நிற்காது. ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் இதை நிதானமாகச் செய்துகொடுத்தார்கள்; வெட்டியெடுத்த வளையங்கள் மெல்லிய மோதிரங்கள் போலத் தனித்தனியே கழன்று விழுந்தன.

புதிய ஸ்டட்டுகளை வலது மரையிலேயே போட்டேன்: அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. நட்டின் கூம்பு முகம் சக்கரத்தில் சரியாக அமர்ந்து, அளவாக முறுக்கப்பட்டிருந்தால், இடப்பக்கத்திலும் வலது மரை தளராது. இன்றைய கார்கள் எல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் முன் இடச் சக்கரத்தையும் சேர்த்தே மாற்றினேன். ஒரே பக்கத்தில் இரு வகை மரை இருப்பது, பழைய ஏற்பாட்டை அப்படியே விடுவதைக் காட்டிலும் ஆபத்தானது.

முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் 80 பவுண்டு-அடி வைத்து, எதிரெதிர் நட்டுகளாக, எண்ணெய் தடவாத உலர்ந்த மரையில் முறுக்குகிறேன். எண்ணெய் தடவினால் அதே அளவு முறுக்கலுக்கு ஸ்டட் கூடுதலாக இழுபடும். சக்கரம் கழற்றி மாட்டும்போதெல்லாம், சிறிது தூரம் ஓடிய பின் மறுபடி சோதிப்பது வழக்கமாகிவிட்டது. முதல் சில சோதனைகளில் நட்டுகள் இன்னும் சற்று முறுக்கலை ஏற்றுக்கொண்டன. புது ஸ்டட் ஹப்பில் முழுதாக அமரும்போது அப்படி நேர்வது இயல்பு. அதன் பிறகு ஒன்றுகூட நகரவில்லை, சக்கரத்தின் துளைகளும் முட்டை வடிவாகத் தேயவில்லை.

கண்காட்சிக்காக அசல் நிலையில் வைத்திருக்கும் ஜீப்பாக இருந்தால் இடது மரை ஸ்டட்டுகளையே தேடிப் போடச் சொல்வேன். எந்த ஊரில் பஞ்சர் ஆனாலும் யாரோ ஒருவர் கை வைக்கப்போகும் வேலை வண்டிக்கு, நான்கு சக்கரத்திலும் வலது மரைதான் என் தேர்வு.