எஃப்40பிஎச் டீசல் எஞ்சின்: இழுப்பில் கெட்டி, பெட்டி மின்சாரத்தில் பலவீனம்

புறநகர் பயணிகள் ரயிலுக்கு டீசல் எஞ்சின் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது குதிரைத்திறன் எவ்வளவு என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: பெட்டிகளின் விளக்கு, ஏசி, ஹீட்டர், கதவு எல்லாவற்றுக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்கப் புறநகர் ரயில்களின் அடையாளமாகவே ஆகிவிட்ட எஃப்40பிஎச்சை எடைபோட இந்தக் கேள்வியே போதும். மற்ற எல்லாவற்றிலும் இது அருமையான எஞ்சின். இந்த ஒன்றில் மட்டும் நெடுந்தூர ரயிலுக்காக எடுத்த முடிவைப் புறநகர் ரயில்கள் இன்றுவரை சுமக்கின்றன.

ஜெனரல் மோட்டார்ஸின் எலக்ட்ரோ-மோட்டிவ் பிரிவு இதை 1975 முதல் 1992 வரை தயாரித்தது. முதலில் அமெரிக்காவின் நெடுந்தூரப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்குக்காக வந்தது. பிறகு சிகாகோவின் மெட்ரா, சான் ஃபிரான்சிஸ்கோவின் கால்ட்ரெயின், பாஸ்டனின் எம்பிடிஏ என்று பரவியது. இப்போது இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. கால்ட்ரெயின் 2024 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ – சான் ஹோசே பாதையை முழுக்க மின்ரயிலுக்கு மாற்றிவிட்டு, ஓய்வுபெற்ற டீசல் எஞ்சின்களில் 19ஐயும் 90 பெட்டிகளையும் பெருவின் லிமா நகருக்கு விற்றது. பழைய எஃப்40பிஎச்கள் சந்தைக்கு வருகின்றன. குறைந்த செலவில் புறநகர் சேவை தொடங்க நினைக்கும் நாடுகளின் கண் இவற்றின் மேல் விழுவது இயல்பு.

உள்ளே இருப்பது 16 சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், டர்போ பொருத்திய 645இ3 எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டரும் 645 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 10.6 லிட்டர். இழுப்புக்கு 3,000 குதிரைத்திறன். எஞ்சின், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும். அதன் மின்சாரத்தை டையோடுகள் நேர்மின்சாரமாக்கி நான்கு அச்சுகளிலும் சக்கரங்களைச் சுழற்றும் டிசி டிராக்ஷன் மோட்டார்களுக்குக் கொடுக்கும். நீளம் 17 மீட்டர் சொச்சம், எடை சுமார் 118 டன், 57:20 கியரில் உச்ச வேகம் மணிக்கு 166 கிமீ. சிகாகோவிலும் கால்ட்ரெயினிலும் 127 கிமீக்கு மேல் ஓட்டுவதில்லை என்பதால் இந்த வேகம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

இனி மின்சாரக் கதை. பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பெட்டியின் அடியில் அச்சிலிருந்து பெல்ட்டில் சுழலும் ஆல்டர்னேட்டரும் 110 வோல்ட் பேட்டரியும் பழக்கம். ராஜதானி, சதாப்தி என்றால் பெட்டித் தொடரின் முனையில் தனி ஜெனரேட்டர் பெட்டி இருந்தது. அமெரிக்க முறை வேறு. எஞ்சினே 480 வோல்ட், மூன்று ஃபேஸ், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் தயாரித்து, ஜம்பர் கேபிள் வழியாக ரயிலின் கடைசிப் பெட்டி வரை அனுப்ப வேண்டும். எஃப்40பிஎச்சில் இந்த மின்சாரத்தைத் தரும் ஆல்டர்னேட்டர், இழுக்கும் அதே எஞ்சினோடு கியர் மூலம் இணைக்கப்பட்டிருக்கிறது. அதிர்வெண் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்க வேண்டுமானால் எஞ்சினின் சுழற்சியும் மாறக்கூடாது. நிமிடத்துக்கு 893 சுற்று. லோகோ பைலட் த்ராட்டிலின் உச்சப் படியான எட்டாம் நாட்சில் இழுத்தாலும் சரி, ஸ்டேஷனில் நின்றாலும் சரி, அதே 893.

சாதாரண டீசல் எஞ்சின் நிற்கும்போது சுழற்சி தணிந்து, உறுமல் குறைந்து, டீசலும் மிச்சமாகும். இங்கே அது நடக்காது. டிராக்ஷன் மோட்டார்களைக் குளிர்விக்கும் புளோயர் எஞ்சினோடு நேரடியாக இணைந்தது. ரேடியேட்டர் விசிறிகளுக்கு மின்சாரம் தரும் துணை ஆல்டர்னேட்டரும் எஞ்சின் வேகத்துக்கு ஏற்பவே சுழல்வது. ஆகவே விசிறி ஓட வேண்டிய நேரமெல்லாம் முழு வேகத்தில்தான் ஓடும். பிளாட்ஃபாரத்தில் நிற்பவர்களின் காது இதைத் தாங்க வேண்டும். அமெரிக்க ரயில் ஆர்வலர்கள் இந்த எஞ்சின்களை 'ஸ்க்ரீமர்' என்று அழைப்பது சும்மா இல்லை. இழுப்பு துண்டித்து, நின்றபடியே மின்சாரம் மட்டும் கொடுக்கும் ஸ்டாண்ட்பை முறை ஒன்று உண்டு. அதில் பிரதான ஆல்டர்னேட்டரே பெட்டிகளுக்கு மின்சாரம் தரும், எஞ்சின் 720 சுற்றுக்கு இறங்கும். முனைய நிலையத்தில் அரை மணி நேரம் காத்திருக்கும் ரயிலுக்கு அது உதவும். ஒரு நிமிடம் மட்டும் நிற்கும் இடைநிலையங்களுக்கு உதவாது.

சத்தத்தைவிடப் பெரிய இழப்பு இழுப்பில். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 டன் எடையுள்ள ஆறு பெட்டிகள், எஞ்சினையும் சேர்த்து 478 டன். ஒரு பெட்டிக்கு 50 கிலோவாட் என்று வைத்தால் மொத்தம் 300 கிலோவாட். கியரிலும் ஆல்டர்னேட்டரிலும் போகும் நஷ்டத்தோடு எஞ்சினிலிருந்து சுமார் 430 குதிரைத்திறன் கழியும். புறப்படும்போது இது தெரியாது. அங்கே எல்லையை வைப்பது சக்தி அல்ல, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள பிடிமானம். 118 டன்னில் கால் பங்கு பிடிமானம் என்றால் 290 கிலோநியூட்டன் இழுவிசை, அதாவது வினாடிக்கு வினாடி 0.6 மீட்டர் முடுக்கம். ஆனால் வேகம் 20 கிமீயைத் தொடும் முன்பே சக்தி முட்டிவிடும். அதன்பின் வேகம் கூடக்கூட இழுவிசை சரியும். 80 கிமீயில், சக்தியில் 82 சதவீதம் சக்கரத்துக்கு வந்து சேர்வதாக வைத்தால், கையில் இருப்பது 71 கிலோநியூட்டன்தான். பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்காமல் இருந்திருந்தால் 83 இருந்திருக்கும். உருள் எதிர்ப்பும் காற்றும் இரண்டிலும் ஒரே அளவைத் தின்னும் என்பதால், மிஞ்சும் முடுக்கத்தில் வித்தியாசம் இன்னும் கூடும். நெடுந்தூர ரயில் ஒருமுறை வேகமெடுத்தால் மணிக்கணக்கில் அதே வேகத்தில் ஓடும். இந்த இழப்பு அங்கே நேர அட்டவணையில் தெரியாது. இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று கிளம்பும் புறநகர் ரயிலில் ஒவ்வொரு நிலையத்துக்குப் பிறகும் சில வினாடிகள் போகும். கோடை மதியத்தில் எல்லாப் பெட்டியிலும் ஏசி முழுவீச்சில் ஓடும்போது இன்னும் அதிகம் போகும்.

இதற்கு மாற்று அப்போதே இருந்தது. எம்பிடிஏ 1987–88இல் வாங்கிய 26 எஃப்40பிஎச்-2சி எஞ்சின்களில் பெட்டி மின்சாரத்துக்கென்று தனியாக ஒரு கம்மின்ஸ் டீசல் ஜென்செட் (ஜெனரேட்டர் தொகுதி) உண்டு. லோகோவின் நீளம் கூடியது, பராமரிக்க இன்னொரு எஞ்சின் சேர்ந்தது, ஆனால் 3,000 குதிரைத்திறனும் இழுப்புக்கே. நின்றால் பெரிய எஞ்சின் ஐடிலுக்கு இறங்கும். புறநகர் சேவைக்கு என் ஓட்டு இந்த வகைக்குத்தான். 2003 முதல் வந்த எம்பி36 வகையில் இரண்டு வழியும் உண்டு: மெட்ரா வாங்கிய எம்பி36பிஎச்-3எஸ், பிரதான எஞ்சினின் மின்சாரத்தையே இன்வெர்ட்டர் வழியாக 60 ஹெர்ட்ஸாக மாற்றுகிறது, கால்ட்ரெயின் வாங்கிய எம்பி36பிஎச்-3சியில் தனி கேட்டர்பில்லர் ஜென்செட். இன்வெர்ட்டரில் எஞ்சின் சுழற்சிக்கு விடுதலை கிடைக்கிறது, ஆனால் சக்தி இன்னும் இழுப்பிலிருந்துதான் கழிகிறது. சீமென்ஸின் புதிய டீசல் லோகோவான சார்ஜரில், பிரேக் பிடிக்கும்போது மோட்டார்கள் தரும் மின்சாரமும் பெட்டிகளுக்குப் போகிறது. அடிக்கடி நிற்கும் ரயிலுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு டீசலில் இல்லை. ஆனால் அது புகையைச் சுத்தம் செய்ய யூரியா கரைசல் தேவைப்படும், 1,800 சுற்று வேகத்தில் ஓடும் 95 லிட்டர் கம்மின்ஸ். சின்ன ஷெட் (பராமரிப்புக் கூடம்) ஒன்று அதைத் தனியாகச் சமாளிப்பது கடினம்.

ஷெட் விஷயத்தில்தான் எஃப்40பிஎச் ஜெயிக்கிறது. 645 எஞ்சினில் சிலிண்டர் ஹெட், லைனர், பிஸ்டன், கனெக்டிங் ராட் எல்லாம் சேர்ந்து ஒரு பவர் அசெம்பிளி. ஒரு சிலிண்டர் கெட்டால் அந்த ஒன்றை மட்டும் கிரேனில் தூக்கிவிட்டு இன்னொன்றை இறக்கலாம். எஞ்சினை லோகோவிலிருந்து வெளியே எடுக்க வேண்டியதில்லை. ஏர்பாக்ஸ் மூடியைத் திறந்தால் லைனரின் துளை வழியாகப் பிஸ்டன் ரிங்குகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். சரக்கு எஞ்சின்களிலும் கப்பல்களிலும் இதே 645 ஓடுவதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. மோட்டார்களையே ஜெனரேட்டராக்கி வேகம் குறைக்கும் டைனமிக் பிரேக்கையும் காற்று பிரேக்கையும் ஒரே கைப்பிடியில் கலந்து தரும் ஏற்பாடு, நின்று நின்று போகும் ரயிலில் பிரேக் கட்டைகளின் ஆயுளை நன்றாகவே நீட்டும்.

கெடும் இடங்களும் தெரிந்தவைதான். முதலாவது தண்ணீர். லைனர் சீலோ ஹெட்டோ கசிந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். நெடுநேரம் நின்ற எஞ்சினை அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அதனால் சிலிண்டர்களின் சிறு சோதனைத் திறப்புகளான டெஸ்ட் காக்குகளைத் திறந்து, எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, எந்தக் காக்கிலும் தண்ணீர் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே ஸ்டார்ட்டர். அடுத்து எரிபொருள். டீசலை முன்கூட்டியே ஏற்றும் பிரைம் சுவிட்சைப் பத்துப் பதினைந்து வினாடி பிடித்து, எஞ்சினுக்குப் பக்கத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் குமிழி இல்லாமல் டீசல் நிறைவதைப் பார்க்க வேண்டும். தள்ளி இருக்கும் இன்னொரு கிண்ணம் காலியாக இருக்க வேண்டும். அதில் டீசல் தெரிந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எஃப்40பிஎச்சில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு: ஃபில்டர் அடைத்து, சுமையில் சுழற்சி 893க்குக் கீழே தள்ளாடினால் அதிர்வெண் விழும், பெட்டிகளின் ஏசி கம்ப்ரஸர்கள் ட்ரிப் ஆகும். பெட்டியில் எலக்ட்ரிகல் கோளாறு என்று வரும் புகாருக்குக் காரணம் எஞ்சினின் டீசல் ஃபில்டராக இருக்கலாம்.

டர்போவை, எஞ்சின் நின்றதும் மறந்துவிடக்கூடாது. தனி மோட்டாரில் ஓடும் சோக்பேக் பம்ப், எஞ்சினை நிறுத்திய பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் டர்போ பேரிங்குகளுக்கு எண்ணெய் ஓட்டி வெப்பத்தை இறக்கும். எஞ்சின் நின்ற உடனே பேட்டரி சுவிட்சை இழுத்துவிட்டால் அந்தப் பம்பும் நிற்கும், டர்போ கருகும். எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸில் அழுத்தம் கூடி, அதைக் காட்டும் பட்டன் வெளியே வந்து எஞ்சின் தானாக நின்றால், உடனே மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே எண்ணெய் ஆவி வெடிக்கும் அபாயம் உண்டு. குறைந்தது இரண்டு மணி நேரம் ஆற விட வேண்டும். எண்ணெயில் துத்தநாகச் சேர்க்கை இருக்கக்கூடாது. பிஸ்டன் பின் பேரிங்கில் வெள்ளிப் பூச்சு உள்ளது, துத்தநாகம் அதை அரித்துவிடும். லாரிக்கு வாங்கிய எண்ணெயை ஊற்றி எஞ்சினைக் கெடுப்பது இப்படித்தான்.

குளிர் நாட்டில் இன்னொரு தொல்லை: குளிர்விக்கும் தண்ணீரில் உறையாமல் காக்கும் ஆன்டிஃப்ரீஸ் சேர்ப்பதில்லை, துரு தடுக்கும் மருந்து மட்டுமே. அதனால் பனிக்கால இரவில் எஞ்சினை அணைத்தால் தண்ணீர் உறையும். ஒன்று ஓடவிட வேண்டும், அல்லது வெளியிலிருந்து சூடேற்ற வேண்டும். இரவு நிற்கும் யார்டில் 480 வோல்ட் பிளக் பாயிண்ட் வைத்தால் பெட்டிகளுக்கும் எஞ்சினை எரிக்காமல் மின்சாரம் தரலாம். அந்தச் செலவைத் திட்டத்திலேயே சேர்க்காவிட்டால் டீசல் பில்லில் கட்ட வேண்டிவரும்.

பழையது வாங்குபவர்கள் பெயிண்ட்டைப் பார்க்காமல் எண்ணெய்ப் பரிசோதனை அறிக்கைகளைக் கேட்க வேண்டும். வெள்ளி கூடியிருந்தால் பிஸ்டன் பின் பேரிங் போகிறது. தண்ணீர் மருந்தின் சுவடு இருந்தால் கசிவு இருக்கிறது. நான்கு அச்சுச் சக்கரங்களின் விட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். வேறுபட்டால் மோட்டார்கள் சுமையைச் சமமாகப் பங்கிடாது, ஒன்று சூடேறும், ஒன்று வழுக்கும். பெட்டி மின்சாரம் தனி ஜென்செட்டிலா, பிரதான எஞ்சினிலா என்பதை எஞ்சின் எண் வாரியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு வகையும் இருக்கும். பிரதான எஞ்சினில்தான் என்றால், ஜம்பர் கேபிளை லோடு பேங்கில் (சோதனைக்கான செயற்கைச் சுமை) மாட்டி, பெட்டி மின்சாரத்தின் முழு மதிப்பளவு சுமையில் சில மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். அப்போதே த்ராட்டிலை முதல் நாட்சிலிருந்து எட்டுக்கும் திரும்ப ஒன்றுக்கும் மாற்றிக்கொண்டே அதிர்வெண் மீட்டரைக் கவனியுங்கள். முள் 60ஐ விட்டு இறங்கி, திரும்பி வர நேரம் எடுத்தால் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் கவர்னரையும் எரிபொருள் இன்ஜெக்டர்களையும் சரிசெய்து தரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.