ஆடிட்டர் ஆபீஸ் மேசை: புழக்கத்தில் தங்கியவையும் பரணுக்குப் போனவையும்

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்கு முன்பிருந்தே இதே மேசைதான். வேலை சுலபமாகட்டும் என்று அதைச் சுற்றி வாங்கிப் போட்டவற்றில் பாதி இப்போது பரணில் இருக்கின்றன. வருடக்கணக்கில் புழங்கியும் கைவிட மனமில்லாதவற்றைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு. விலையுயர்ந்த நாற்காலிக்குச் சிபாரிசு கேட்டு வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பட்டியலில் முதலிடம் ஒரு மணைப்பலகைக்கு.

ஆபீஸ் மேசைகள் ஏறக்குறைய 75 செ.மீ. உயரத்தில்தான் வருகின்றன. நான் 5 அடி. முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வரும்படி நாற்காலியை ஏற்றினால் பாதம் தரையில் படாது. பாதம் படும்படி இறக்கினால் தோள்பட்டை காதுக்கு ஏறிவிடும். இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது? நான் நாற்காலியை ஏற்றிக்கொண்டு, காலுக்கு வீட்டிலிருந்து ஒரு பழைய மணையைக் கொண்டுவந்து போட்டேன். வழுக்காமல் இருக்க மேலே ஒரு துண்டுத் தேங்காய்நார் மிதியடி. தொடையின் அடிப்பக்கம் நாற்காலி விளிம்பில் அழுந்தி மரத்துப்போவதும், சாயங்காலம் செருப்பு இறுக்குவதும் அதோடு நின்றன. "ஏனுங்க்கா, மணை மேல காலை வெச்சிருக்கீங்களே, சாமி குத்தம் ஆயிராதுங்களா?" என்று ஆபீஸ் தம்பி கேட்டான். பூஜைக்கு வேறு மணை இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் சமாதானமானான். கடையில் சாய்வான கால்தாங்கி விற்கிறார்கள். நன்றாகவே இருக்கிறது, ஆனால் மணை செய்யாத எதையும் அது செய்யவில்லை.

அடுத்தது திரை. மானிட்டரின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். வெள்ளெழுத்து வராதவர்களுக்கு அது சரி. பைஃபோக்கலோ ப்ராக்ரஸிவோ போட்டவர்களுக்கு, கிட்டத்தில் படிக்கும் பகுதி கண்ணாடியின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. திரையை ஏற்றினால் அதன் வழியாகப் பார்ப்பதற்காக நாள் முழுக்க முகவாயைத் தூக்கிக்கொண்டிருப்போம். பிடரி வலி அங்கேதான் ஆரம்பிக்கும். என் மானிட்டருக்குக் கீழே இருந்த ஸ்டாண்டை எடுத்துவிட்டு, திரையைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தேன். ஸ்டாண்டை, ஆடிட்டர் பயிற்சிக்கு வந்திருக்கும் இருபத்துச் சொச்சம் வயதுள்ள ஆர்ட்டிகிள் பெண்ணுக்குக் கொடுத்தேன். அவள் மடிக்கணினியை அதன் மேல் வைத்துத் தனி கீபோர்டு போட்டுக்கொண்டாள். கூன் போட்டு உட்காருவது குறைந்திருக்கிறது.

ஜன்னலுக்கு நேர் எதிரே திரையை வைக்காதீர்கள், முதுகுப்பக்கமும் ஜன்னல் வேண்டாம். பக்கவாட்டில் இருந்தால் போதும்.

கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கென்று ஒன்று. டேலி என்ற கணக்கு மென்பொருளில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்று விரல்கள் தாமாகப் போய்விடும். எண்களோ வலப்பக்க நம்பர் பேடில்தான். அது இருப்பதால் மவுஸ் இன்னும் ஒரு சாண் வலப்பக்கம் தள்ளிப்போகிறது, ஒவ்வொரு முறையும் கை எட்டிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. தோள்வலி என்று கணக்கர்கள் புலம்புவதில் பாதிக்குக் காரணம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். மவுஸை இடது கைக்கு மாற்றினேன். முதல் சில வாரம் கர்சர் சொன்ன பேச்சு கேட்காது, எரிச்சலாக வரும். பழகிய பிறகு வலது கை எண்களை விட்டு நகர்வதே இல்லை.

இனி சாமான்களை ஒழுங்காக வைப்பது. எங்கள் ஆபீஸில் அதிக நேரத்தைத் தின்றவை டிஜிட்டல் கையொப்ப டோக்கன்கள். கம்பெனிகளின் ரிட்டர்னுக்கு அது கட்டாயம். பென் டிரைவ் மாதிரி ஒரே நிறத்தில், ஒரே அளவில் ஒரு டப்பா நிறைய. ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து, இது யாருடையது என்று தேடுவோம். இப்போது சாவிக்கொத்துக்கு மாட்டும் பிளாஸ்டிக் டேக் ஒவ்வொன்றிலும் தொங்குகிறது. முன்பக்கம் பார்ட்டி (வாடிக்கையாளர்) பெயர், பின்பக்கம் சான்றிதழ் காலாவதியாகும் தேதி. சுவரில் கொக்கிப் பலகை. மாட்டியிருந்தால் ஆபீஸில் இருக்கிறது, கொக்கி காலியாக இருந்தால் பார்ட்டி வாங்கிப் போயிருக்கிறார். பாஸ்வேர்டை மட்டும் டேக்கில் எழுதாதீர்கள். கடைசி நாள் ராத்திரி எட்டு மணிக்கு 'சான்றிதழ் காலாவதியாகிவிட்டது' என்று திரையில் வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பின்பக்கத் தேதியின் அருமை தெரியும்.

கணினியில் ஃபோல்டர்களுக்கு மாதப் பெயர் மட்டும் வைத்தால் ஆங்கில அகரவரிசைப்படி ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர், பிப்ரவரி என்று கலைந்து நிற்கும். ஜனவரியை 01 ஆக்கினாலும் நிதியாண்டுக்குப் பொருந்தாது. நாங்கள் 01-ஏப்ரல் தொடங்கி 12-மார்ச் வரை எண் போடுகிறோம். பாக்ஸ் ஃபைலின் முதுகிலும் அதே எண்கள். யார் லீவு போட்டாலும் இன்னொருவர் எடுத்துவிட முடிகிறது.

பில்களில் பெட்ரோல் பங்க், ஓட்டல் சீட்டுகள்தான் தலைவலி. வெப்பத்தாளில் (தெர்மல் பேப்பர்) அச்சானவை, ஈரோட்டு வெயிலில் காரின் டாஷ்போர்டில் கிடந்து வந்தால் ஏற்கெனவே பாதி மங்கியிருக்கும். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கையும் ஆவணங்களையும் பத்திரப்படுத்த வேண்டும். இந்தச் சீட்டில் அவ்வளவு காலம் எழுத்து நிற்காது. மஞ்சப்பையில் பில் வந்த அன்றே இவற்றைப் பிரித்து ஒரு ஜெராக்ஸ், ஒரு ஸ்கேன். பளபளப்பான பிளாஸ்டிக் உறையில் போட்டால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம், சில உறைகள் எழுத்தை இன்னும் சீக்கிரம் அழித்துவிடும்.

தேதிகளுக்குக் கைப்பேசி நினைவூட்டலை நம்புவதை விட்டுவிட்டேன். ஜனவரியில் பார்ட்டிகள் கொடுக்கும் மாதக் காலண்டர்தான் வேலை செய்கிறது. 7 டிடிஎஸ் (பிடித்தம் செய்த வரியைக் கட்ட), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 20 ஜிஎஸ்டிஆர்-3பி (மாதச் சுருக்க ரிட்டர்ன்), மூன்றுக்கும் சிவப்பு வட்டம். எல்லார் கண்ணிலும் படும். ராகு காலம் பார்த்துத்தான் சப்மிட் அழுத்தச் சொல்லும் பார்ட்டிக்கும் அதே தாள் உதவுகிறது.

பரணுக்குப் போனவை: பத்து அறை வைத்த மேசை ஆர்கனைசர் (தூசிதான் ஒழுங்காகச் சேர்ந்தது), ஜெல் மணிக்கட்டு மெத்தை, வண்ண ஒட்டுச்சீட்டுகள். ஏசி அறைக்காரர்களுக்கு ஒட்டுச்சீட்டு சரிப்படலாம். எங்கள் சீலிங் ஃபேனுக்கு முன்னால் அது நிற்காது, கனமான பேப்பர்வெயிட்தான் பேசும்.

நின்றபடி வேலை செய்யும் மேசை வாங்கலாமா என்று ஆர்ட்டிகிள் பெண் கேட்டாள். அப்போது பில் கொடுக்க வந்திருந்த ஜவுளிக்கடை அக்கா சிரித்துவிட்டார். கடை ஊழியர்களுக்கு வேலைநேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு அடிக்கடி எழுந்திருக்க ஒரு சாக்கு இருந்தால் போதும். எங்களுக்கு அந்தச் சாக்கு பிரின்டர். அதை அடுத்த அறைக்குத் தள்ளிவிட்டேன், ஒவ்வொரு தாளுக்கும் எழுந்து போக வேண்டும். திரும்ப என் மேசைக்கே கொண்டுவரச் சொல்லி சார் இரண்டு முறை கேட்டுவிட்டார். என் மேசைப் பிளக் பாயின்ட் எல்லாம் யுபிஎஸ் லைன் சார், லேசர் பிரின்டரை அதில் போடக் கூடாது என்றேன். அதுவும் உண்மைதான்.