எதையும் வைத்துக்கொள்ளாத கொமினிகேஷன்

புறக்கோட்டையில் 100ஆம் இலக்க பஸ் புறப்படக் காத்திருந்தபோது வாங்கிய கடலைச் சுருளைப் பிரித்துப் பார்த்தேன். அது ஒரு தேசிய அடையாள அட்டையின் பிரதி. மை அப்பி முகம் கறுத்துப் போனதால் கழித்துவிட்ட தாள் என்பது பார்த்ததுமே விளங்கியது. முகம்தான் தெரியவில்லை, இலக்கம் உப்புத் தூளுக்கு நடுவே துலக்கமாக இருந்தது. அட்டையின் பின்பக்கம் பதிந்த பாதித் தாள் வேறு யாருடைய கடலைக்குப் போயிற்றோ தெரியாது.

நமது பழைய அடையாள அட்டை இலக்கம் வெறும் வரிசை எண் அல்ல. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. பெண்களுக்கு அதனோடு 500 கூடும். என் கையில் இருந்த இலக்கத்தை எழுத மாட்டேன். ஓர் உதாரணத்துக்கு 78632 என்று தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு 1978. 632இல் 500ஐக் கழித்தால் 132. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக எண்ணுவது இந்த இலக்கத்தின் வழக்கம். ஆகவே மே 11. பெண். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணிலும் இதே கணக்குத்தான். ஆண்டை மட்டும் முழுதாக எழுதுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு கடலை வியாபாரியும் நானும் போதும். பஸ் வெள்ளவத்தைக்கு வரும்வரை அந்தத் தாளை மடித்துக் கையிலேயே வைத்திருந்தேன். கடலையை உண்ண மனம் வரவில்லை.

நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களையும் வழக்கு மனுக்களையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் மாற்றிக் கொடுக்கிறேன். புதுக்கடை நீதிமன்றங்கள், பத்தரமுல்லைப் பதிவாளர் திணைக்களம், தூதரகங்களின் வீசா அலுவலகங்கள் என்று என் தாள்கள் போகாத இடமில்லை. அவை போகுமுன் எல்லாம் நுழைந்து வெளிவரும் இடம் ஒன்றுண்டு: அச்செடுக்கவும் பிரதி எடுக்கவும் நாம் போகும் கொமினிகேஷன். வெளிநாட்டு அழைப்பு எடுக்க வரிசையில் நின்ற காலத்துப் பெயர் அது. அழைப்புகள் போய்விட்டன, பெயர் நின்றுவிட்டது. கொழும்பில் ஒருவருடைய வாழ்க்கை முழுவதும் அந்தச் சிறு கடைகளின் கணினிகளில்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றத்துக்கு அருகே ஒரு கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவசரமாக ஒரு பக்கம் அச்செடுக்கப் போனேன். கடைக்காரருக்குக் கை ஓயவில்லை. “நீங்களே எடுங்கள் மிஸ்” என்று கணினியைக் காட்டினார். பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்தேன். திரை நிறையப் பெயர்கள். உருட்ட உருட்ட முடியாத பட்டியல். சம்பளச் சீட்டு, வங்கிக் கூற்று, குழந்தையின் கடவுச்சீட்டு, வைத்தியசாலை அறிக்கை. அவற்றுக்கு நடுவே நான் நான்கு மாதங்களுக்கு முன் மொழிபெயர்த்துக் கொடுத்த விவாகரத்து மனு, அந்தப் பெண்ணின் முழுப் பெயரைக் கோப்பின் பெயராகத் தாங்கிக்கொண்டு கிடந்தது. கணவர் தேடி வரக்கூடாது என்று இருப்பிடத்தை யாருக்கும் சொல்லாமல் இருந்தவர் அவர். மனுவின் இரண்டாம் வரியிலேயே அவருடைய முகவரி இருக்கிறது. நான்தான் தட்டச்சுச் செய்தேன், எனக்குத் தெரியும்.

கடைக்காரரிடம் சொன்னேன். “அதையெல்லாம் யார் மிஸ் பார்க்கப் போகிறார்கள்?” என்றார். கெட்ட மனிதர் அல்லர். பார்க்க நேரமில்லாத மனிதர். ஆனால் அந்தக் கதிரையில் அன்று அமர்ந்தது நானாக இல்லாமல் அந்தக் கணவராக இருந்திருக்கலாம். அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்தேன். மற்றவற்றைத் தொட எனக்கு உரிமையில்லை என்று விட்டுவிட்டு வந்தேன். அன்றிரவு அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னபோது மறுமுனையில் நீண்ட நேரம் பேச்சே இல்லை.

அதன்பின் கடை கடையாக அலைந்து கண்டுபிடித்த ஒரு கொமினிகேஷனைத்தான் இங்கே மதிப்பிட்டு எழுதுகிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மரின் டிரைவை எட்டுவதற்குச் சற்று முன்னே இருக்கிறது. பலகையில் ‘கொமினிகேஷன்’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருப்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. பத்தடிக்கு எட்டடி இடம். ரயில் போகும்போது மேசையிலுள்ள பேனைகள் அதிரும். நடத்துபவர் ஹட்டன் பக்கத்துத் தம்பி, முப்பது வயதுக்குள் இருப்பார்.

முதல் நாள் நான் பென் டிரைவை நீட்டினேன். வாங்கவில்லை. “அக்கா, இந்தக் கணினியில் நீங்களே செருகுங்கள், நான் திரையைப் பார்க்க மாட்டேன்” என்று வாடிக்கையாளருக்கான கணினியைக் காட்டினார். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் ஓடுகிறது. விருந்தினர் கணக்கில்தான் நாம் உள்ளே போகிறோம். நாம் திறந்தது, பதிவிறக்கியது, உலாவியில் நுழைந்த மின்னஞ்சல் எல்லாம் ஒரு தற்காலிக இடத்தில் இருக்கும்; வெளியேறும் பொத்தானை அழுத்தியதும் அந்த இடமே இல்லாமல் போய்விடும். அடுத்தவர் உள்ளே போனால் புதிதாகத் துடைத்த மேசை. இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. மின்டில் ஏற்கெனவே உள்ள வசதி, அமைப்பில் ஓரிடத்தில் இயக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் வைத்திருப்பவர்களும் பதிவிறக்கக் கோப்புறையில் ஒரு நாளுக்கு மேல் தொடாமல் கிடப்பவற்றைத் தானாக அழிக்கும்படி அதன் சேமிப்பக அமைப்பில் சொல்லிவைக்கலாம். இரண்டு நிமிட வேலை. நகரத்தில் எத்தனை கடைகள் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிட்டிருக்கின்றன?

வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தைத்தான் இவர் மிகவும் எதிர்க்கிறார். எனக்கு அது சரியென்றே படுகிறது. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் முனைக்கு முனை பூட்டப்பட்டவை என்பது உண்மை. ஆனால் அந்தப் பூட்டு வழிக்குத்தான். நாம் கோப்பை அனுப்பும் மறுமுனையே கடைக்காரரின் தொலைபேசிதானே? அங்கே அது திறந்துதான் கிடக்கும். பிறகு நம் பக்கத்தில் ‘எல்லோருக்கும் அழி’ என்று அழுத்தினாலும், அவர் கணினியில் இறக்கி வைத்த பிரதியை அது தொடாது. ஆகவே இந்தக் கடையில் உங்கள் வாட்ஸ்அப்பை நீங்களே விருந்தினர் கணக்கில் இணைத்து, கோப்பை இறக்கி, அச்செடுத்து, இணைப்பைத் துண்டித்துவிட்டு எழ வேண்டும். போகும்போது “தொலைபேசியில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைப் பாருங்கள்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். ஒருநாள் என் முன்னே ஒரு பெரியவர் அப்படிப் பார்த்தார். அவருக்குத் தெரியாத இரண்டு கணினிகள் அந்தப் பட்டியலில் இருந்தன. இரண்டையும் தம்பி அவர் கையாலேயே நீக்கச் செய்தார்.

பிரதி இயந்திரத்தைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை. பெரிய டிஜிட்டல் இயந்திரங்களுக்குள் வன்தட்டு இருக்கிறது. பிரதி எடுக்கும் தாளின் படம் முதலில் அதில் பதிந்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. 2010இல் அமெரிக்காவின் சீபீஎஸ் தொலைக்காட்சி பழைய இயந்திரங்கள் சிலவற்றை விலைக்கு வாங்கித் திறந்து பார்த்தது. ஒன்றில் ஒரு நியூயோர்க் மருத்துவக் காப்புறுதி நிறுவனத்தின் நோயாளர் விபரங்கள் அப்படியே இருந்தன. வாடகை இயந்திரத்தைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். 2013இல் அந்த நிறுவனம் 12 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்தி விடயத்தை முடித்துக்கொண்டது. இங்கே கடைகளில் ஓடுபவற்றில் பல, எங்கோ ஓர் அலுவலகத்தில் உழைத்துவிட்டு மறுசீரமைத்து வந்தவை. இவருடையதும் அப்படித்தான். திருத்துநரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வேலை முடிந்ததும் வன்தட்டில் பதிந்ததை மேலெழுதி அழிக்கும் வசதியை இயக்க வைத்திருக்கிறார். அந்த அழிப்பு நடக்கும்போது திரையின் மூலையில் ஒரு சிறு குறி தோன்றி மறையும். அதைக் காட்டிய பிறகே தாளைக் கையில் தருகிறார்.

கெட்டுப்போன தாள்கள் மேசைக்குக் கீழே உள்ள கத்தரிக்கும் இயந்திரத்துக்குள் போகின்றன. அதையும் நம்மையே போடச் சொல்கிறார். கத்தரித்த துணுக்குகளைப் பக்கத்துப் பழக்கடைக்காரர் பப்பாளிப் பெட்டிகளுக்கு மெத்தையாக எடுத்துச் செல்கிறார். எனக்கு அந்தக் கடலைச் சுருள் நினைவுக்கு வந்தது.

குறைகளும் உண்டு. லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருள்தான் இருக்கிறது. வேர்டில் கட்டம் போட்டுத் தயாரித்த பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பைத் திறந்தால் வரிகள் கீழிறங்கி முத்திரை வைக்கும் இடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்த எழுத்துருவை நிறுவி வைத்திருக்கிறார்தான், ஆனாலும் மின்னஞ்சலுக்குள் ஒட்டி அனுப்பிய பாமினி வரிகள் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். வீட்டிலேயே பீடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டு போங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே தங்கிவிடும், எந்தக் கணினியிலும் கெடாது. வண்ண அச்சு சுமார்தான். லமினேட் செய்வதில்லை. இருப்பது ஒரே கணினி, ஆகவே காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வாசலில் நிற்க வேண்டியிருக்கும். பிரதிக்குப் பக்கத்துக் கடையைவிடப் பக்கமொன்றுக்கு ஐந்து ரூபாய் கூட. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளையே ஒத்திவைத்த நாட்களைக் கண்ட நமக்கு ஐந்து ரூபாயும் கணக்குத்தான். ஆனாலும் நான் கொடுக்கிறேன். முழு மனதோடு கொடுக்கிறேன்.

சட்டம் வந்துவிட்டதால் செய்கிறீர்களா என்று தம்பியிடம் ஒருநாள் கேட்டேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நான் வேலைக்காக வாசித்திருக்கிறேன். எந்த நோக்கத்துக்காகத் தரவைப் பெற்றார்களோ அதற்கு வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் முக்கியமான கடமைகளில் ஒன்று. மீறி நடப்போருக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணம் விதிக்கவும் இடமிருக்கிறது. பிரதிக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் வேண்டுமா? நோக்கம் ஒரு தாள். காலம் ஐந்து நிமிடம். ஆனால் அந்தக் கடமைகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரும் என்று சொல்லி, நாள் நெருங்கியதும் ஒத்திவைத்தார்கள். இது எனக்கு ஆறாத கோபம். பெரிய நிறுவனங்களுக்கு ஆயத்தமாக அவகாசம் வேண்டும் என்கிறார்கள். ஒற்றைக் கணினியோடு ஒருவர் தனியாளாக ஆயத்தமாகி இருக்கிறாரே!

அவர் சட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஊரில் அம்மா எங்கோ கொடுத்த அடையாள அட்டைப் பிரதியை வைத்து யாரோ ஒரு சிம் அட்டை எடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணிலிருந்து நடந்த மோசடிக்காகப் பொலிஸ் அம்மாவைக் கொழும்புக்கு இரண்டு முறை அழைத்திருக்கிறது. “தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அம்மா அக்கா, ஹட்டனிலிருந்து இரவு ரயிலில் வந்து, எதற்கு வந்தேன் என்று தெரியாமல் வாங்கில் உட்கார்ந்திருந்தார்” என்றார். அதைச் சொல்லிவிட்டு அடுத்தவரின் தாளை எடுக்கத் திரும்பிவிட்டார்.

போய தினங்களில் கடை பூட்டு. மற்ற நாட்களில் காலை எட்டரையிலிருந்து இரவு ஏழு வரை. பிற்பகல் இரண்டு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது.

இன்னொன்று. கணினிக்கு மேலே சுவரில் மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார். சிங்களமும் ஆங்கிலமும் சரி. தமிழில் ‘உங்கள் கோப்புகள் உடனுக்குடன் அளிக்கப்படும்’ என்று இருந்தது. யாரிடம் அளிப்பீர்கள் தம்பி என்று கேட்டேன். சற்று நேரம் அந்த வரியையே பார்த்தார். பிறகு அமர்ந்து ‘அழிக்கப்படும்’ என்று மாற்றி அச்செடுத்து ஒட்டிவிட்டு, பழைய தாளைக் கத்தரிக்கும் இயந்திரத்துக்குள் போட்டார்.