கிளியர் உரிந்த பானட்டுக்கு "பாலிஷ் போட்டா சரியாயிடும்" என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள்

அடர் சிவப்பு ஹேட்ச்பேக், ஏழு வருடம் திறந்தவெளியில் வெயிலில் நின்ற வண்டி. பானட்டில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இடத்தில் வெளுத்து, கிளியர் (நிறத்துக்கு மேலே அடிக்கிற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) ஓரத்தில் செதில் செதிலாகத் தூக்கியிருந்தது. கூரையின் முன் ஓரத்தில் விரல் அகலத்துக்கு லேசான வெள்ளை. இதைச் சரிசெய்ய அதன் உரிமையாளர் ஒன்றரை வருடத்தில் இரண்டு கடைகளுக்கு 21,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். முதலில் ஒரு டீடெய்லிங் ஸ்டூடியோ: "3 ஸ்டேஜ் கரெக்‌ஷன் + 9எச் செராமிக்", 14,000. அடுத்து ஒரு டிங்கரிங் பட்டறை: "பானட் கிளியர் மட்டும்", 7,500. பானட் இப்போது முதலில் இருந்ததைவிட மோசம். இரண்டு இடத்திலும் விட்டுப்போன வேலை ஒன்றேதான்: உரிகிற கிளியரைத் தேய்த்து எடுக்கவில்லை. அதற்குத்தான் நேரம் பிடிக்கும், ஆள் கூலி அதிகம், முடிந்தபின் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் எல்லாரும் கைவைப்பது அதில்.

கம்பெனி பெயிண்ட் மொத்தமாகவே 100 முதல் 130 மைக்ரானுக்குள்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரும்பாலும் இருக்கும். அடியில் துருவைத் தடுக்கும் ஈ-கோட் 20, அதன்மேல் பிரைமர் 30 சொச்சம், நிறம் தருகிற பேஸ் கோட் 15, எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் 40 முதல் 50. பேஸ் கோட்டுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தி கிடையாது. புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிற சரக்கு எல்லாம் கிளியரில்தான் கலந்திருக்கிறது. வருடக்கணக்கில் வெயில் பட்டு அந்தச் சரக்கு தீர்ந்ததும் கதிர் பேஸ் வரை இறங்கி, பேஸுக்கும் கிளியருக்கும் இடையே உள்ள பிடிமானத்தைத் தின்றுவிடும். பானட், கூரை, டிக்கியின் மேல்பாகம் என்று படுக்கையாக இருக்கிற பேனல்கள் முதலில் போவதும், கதவுகள் பல வருடம் நன்றாகவே இருப்பதும் அதனால்தான்.

முதல் கடையில் நடந்தது பழைய தண்ணீர் வித்தை. வெளுத்த இடத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடித்துக் காட்டுவார்கள். வெள்ளை மறைந்து பளபளவென்று சிவப்பு தெரியும். "பாத்தீங்களா சார், கலர் உள்ளே இருக்கு, மேலே ஆக்சிடேஷன்தான், பாலிஷ்ல வந்துடும்." சொரசொரப்பான பரப்பில் ஒளி சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்புகிறவரை சிதறாது, காய்ந்ததும் பழையபடி ஆகிவிடும். எண்ணெய் கலந்த கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சைப் போட்டாலும் இதே மறைவுதான், என்ன, தண்ணீர் ஐந்து நிமிடம் மறைக்கிறதை அது ஐந்து வாட்டர் வாஷ் வரை மறைக்கும். இந்த வண்டியில் மூன்றாவது வாஷிலேயே வெள்ளை எட்டிப்பார்த்துவிட்டது.

பாலிஷில் வரக்கூடியதா, வராததா என்று கண்டுபிடிக்கப் பத்து ரூபாய் செலவுகூட ஆகாது. வெள்ளைத் துணியில் கொஞ்சம் ரப்பிங் கம்பவுண்ட் எடுத்து மங்கின இடத்தில் கையாலேயே பத்துத் தடவை தேயுங்கள். துணியில் வெள்ளை அல்லது சாம்பல் அழுக்கு வந்தால் மேலே கிளியர் இன்னும் இருக்கிறது, மங்கல்தான், பாலிஷ் பலன் தரும். துணி சிவந்தால் கிளியர் போய்விட்டது, நீங்கள் தேய்ப்பது பேஸ் கோட்டை. (பேஸ், கிளியர் என்று பிரிக்காமல் ஒரே கோட்டாக அடித்த பழைய வண்டிகளில், சில வெள்ளை டாக்ஸிகளில், நல்ல பெயிண்டும் துணியில் நிறம் விடும். அங்கே இந்தச் சோதனை செல்லாது.) அடுத்தது டேப். நல்ல மாஸ்கிங் டேப்பை வெளுத்த திட்டின் ஓரத்தில் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று பிடுங்குங்கள். டேப்பின் பசையில் கண்ணாடித்தாள் மாதிரி செதில் வந்தால் பாலிஷ் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். உரியும் ஓரத்தில் பஃபிங் மெஷினை ஓட்டினால் பேட் செதிலைக் கொத்தி இழுத்து, திட்டு இன்னும் பெரிதாகும். ஸ்டூடியோவில் அதுவும் நடந்திருக்கிறது.

செராமிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்தபின் அது ஒன்றிரண்டு மைக்ரான் தேறினால் அதிகம். 40 மைக்ரான் கிளியர் செய்யவேண்டிய வேலையை அதன் தலையில் கட்டுவது வியாபாரம், அவ்வளவுதான். 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப்பார்க்கும் கடினத்தன்மை அளவு, வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டாவது பட்டறை கொஞ்சம் நேர்மையாகத் தொடங்கியது. "பாலிஷ்ல வராது, கிளியர் அடிக்கணும்" என்று சொன்னார்கள், உண்மைதான். காலையில் வண்டியை வாங்கி அன்று மாலையே திருப்பிக் கொடுத்ததில்தான் வேலையின் லட்சணம் தெரிகிறது. அடித்த புதிதில் ஷோரூம் வண்டி மாதிரி இருந்த பானட், ஐந்து மாதத்தில், ஒரு சித்திரை வெயில் தாண்டியதும், பழைய திட்டின் அதே உருவத்தில் மேடு தட்டி உரிந்தது.

பெயிண்ட் தடிமன் பார்க்கும் கேஜை வைத்ததும் கதை வெளியே வந்துவிட்டது. தொடாத கூரையில் 108 மைக்ரான். பானட்டில் திட்டுக்கு வெளியே 165. திட்டின் நடுவில், அதாவது இரண்டு விரல்கடை தள்ளி, 118. பழைய கிளியரின் ஓரத்தை ஒழுங்காகச் சரிவாகத் தேய்த்திருந்தால் இந்த இரண்டு அளவும் படிப்படியாக ஒன்றில் ஒன்று கரைந்திருக்க வேண்டும். ஒரே எட்டில் 47 மைக்ரான் குதிக்கிறது என்றால் பழைய கிளியரின் ஓரம் படிக்கட்டு மாதிரி அப்படியே நிற்க, அதன்மேல் புதியதைப் போர்த்தியிருக்கிறார்கள். கீழே இருக்கிற பழைய ஓரம் தூக்கிக்கொண்டேதான் இருக்கும், மேலே எத்தனை கோட் அடித்தாலும் அதையும் சேர்த்துத் தூக்கும். திட்டின் நடுவிலும் பிடிமானம் இல்லை. வெயிலில் பொடிந்த பேஸ் மேல் அடித்த கிளியர் சுண்ணாம்புத் தூள் மேல் ஒட்டின டேப் போலத்தான். புது பேஸ் அடித்து அன்றைக்கே கிளியர் அடித்தால் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். முற்றின கிளியர் மேல் அடிப்பதானால் 800 அல்லது 1000 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு முழுக்கச் சாகும்வரை தேய்த்தால்தான் பிடி கிடைக்கும்.

சரியான வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் எதை விட்டார்கள் என்றும் தெரியும். முதலில் கிரீஸ் ரிமூவரால் துடைப்பது. டேஷ்போர்டு பாலிஷிலும் டயர் பாலிஷிலும் உள்ள சிலிக்கோன் மிச்சம் இருந்தால் பெயிண்ட் அங்கங்கே மீன்கண் மாதிரி விலகி நிற்கும். அப்புறம் வைப்பர் வாஷர் நாசிலைக் கழற்றுவது. கழற்றாமல் அடித்த வண்டியில் நாசிலைச் சுற்றி ஒரு வளையம் தெரியும், உரிவது அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கும். பிறகு டிஏ சாண்டரில் (சுழன்று தேய்க்கும் மெஷின்) 320 தாள் போட்டு உரிகிற கிளியர் முழுவதையும் எடுப்பது. ஒரு பானட்டில் இரண்டு திட்டு உரிந்தால் மிச்சமும் வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம், அதனால் பானட் முழுக்க எடுப்பதே புத்தி. திட்டின் ஓரம் போதுமான அளவு தேய்ந்ததா என்பதற்குக் கண்ணை நம்பக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டினால் படி தட்டக்கூடாது. தகடு தெரிந்த இடத்துக்கு எபாக்ஸி பிரைமர், அதன்மேல் 2கே (ஹார்டனர் என்ற இறுகவைக்கும் சரக்கைக் கலந்து அடிப்பது) பிரைமர் இரண்டு கோட், காய்ந்ததும் 600, 800 என்று வாட்டர் பேப்பர். பேஸ் இரண்டு மூன்று கோட், ஒவ்வொன்றும் மங்கி மேட் ஆனபிறகு அடுத்தது. அதன்பின்தான் கிளியர்.

கிளியரில் நடக்கும் திருட்டு பானட் பளபளப்பதால் சுலபத்தில் தெரியாது. சிறிய காரின் பானட்டுக்கு இரண்டு நல்ல கோட் அடிக்க, ஸ்ப்ரே கன்னில் பாதி காற்றோடு போவதையும் சேர்த்து, கலந்த சரக்கு சுமார் 300 மில்லி வேண்டும். 2:1 கிளியர் என்றால் 200 மில்லி கிளியர், 100 மில்லி ஹார்டனர். ஹார்டனர்தான் விலை கூடியது, அதனால் அதைக் குறைத்து தின்னரைக் கூட்டுவது, இல்லாவிட்டால் ஹார்டனரே தேவைப்படாத 1கே லேக்கரை அடித்துவிட்டு "பி.யூ. அடிச்சிருக்கோம்" (பாலியூரிதேன், அதாவது ஹார்டனர் கலந்த 2கே கிளியர்) என்பது. வண்டி வந்து ஒரு வாரம் கழிந்தபின் பானட்டின் உள்விளிம்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தின்னர் நனைத்த துணியைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். முறையாக இறுகிய 2கே கிளியர் அசையாது. பிசுபிசுவென்று ஒட்டினால் ஹார்டனர் இல்லை அல்லது போதவில்லை. அவசரத்தில் இரண்டாவது கோட்டைப் பத்து நிமிட இடைவெளி விடாமல் அடித்து உடனே ஹீட்டர் போட்டால், உள்ளே மாட்டிய தின்னர் ஊசி முனை அளவு துளைகளாக வெடித்து வெளியே வரும். பூத்தில் (பெயிண்ட் அடித்துக் காயவைக்கும் மூடிய அறை) தகட்டின் சூடு 60 டிகிரி வந்தபின் அரை மணி காயவேண்டும். பூத் இல்லாத பட்டறை என்றால் ஒரு ராத்திரி முழுக்கத் தூசியில்லாமல் நிற்கவேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு பானட்டுக்கு ஒன்றரை நாளுக்குக் குறைவாக வேலை இல்லை. "சாயந்திரமே எடுத்துக்கலாம் சார்" என்பது வசதி மாதிரி கேட்கும், தேய்ப்பு இல்லை என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம் அது.

தெருவோரத்தில் 2கே அடிப்பதைப் பார்த்தால் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட், நுரையீரலில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிக்கிற பையனைப் பார்த்தால் மனசு கேட்காது.

டெலிவரி எடுக்கும்போது பானட்டைத் திறந்து விளிம்பைப் பாருங்கள். கிளியர் விளிம்பைத் தாண்டி உள்ளே மடிந்து போயிருக்க வேண்டும். விளிம்பிலேயே நகம் தட்டுகிற கோடு இருந்தால் டேப் அங்கே ஒட்டியிருக்கிறார்கள். பேனலின் நடுவில் பழைய கிளியரோடு கரைத்துவிடுகிறோம், தெரியாது என்பார்கள். தெரியாதுதான், படுக்கைப் பேனலில் அடுத்த கோடை வரை. புது பெயிண்ட் மேல் மறுநாளே செராமிக் இலவசம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும்.

இதில் இன்னொரு தூண்டில் உண்டு: "கல் பட்டதுன்னு சொல்லி இன்ஷூரன்ஸ்ல போட்டுரலாம்." கிளியர் உரிவது தேய்மானம், பாலிசியில் வராது, பொய் சொன்னால் அது மோசடி. கணக்கிலும் லாபம் இல்லை. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு) இல்லாத பாலிசியில் 8,000 ரூபாய் பெயிண்ட் பில்லில் கால் பங்கு மெட்டீரியல் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 1,000. 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு இன்னொரு 1,000. கையில் வருவது 6,000. அதற்காக 50 சதவீதம் வரை ஏறியிருக்கும் நோ கிளெய்ம் போனஸைத் தொலைக்கவேண்டும்.

வேலை கொடுக்குமுன் பில்லில் அல்லது வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கவேண்டியது இவ்வளவுதான்: பழைய கிளியர் முழுக்க எடுத்து, பிரைமர், பேஸ், 2கே கிளியர் 2 கோட், உரிதலுக்கு ஒரு வருடம் பொறுப்பு. "உரிதல்" என்ற சொல் இருக்கட்டும், இல்லையென்றால் "கேரண்டி ஷைனிங்குக்குத்தான்" என்பார்கள். சாண்டிங் முடிந்து பிரைமர் அடிக்குமுன் ஒரு போட்டோ கேளுங்கள். பளபளப்பே இல்லாமல், ஓரங்களில் சாம்பல், சிவப்பு என்று வளையம் வளையமாக அடுக்குகள் தெரியும் பானட் அது. அந்தப் போட்டோவை அனுப்பத் தயங்குகிற கடையில் வேலை கொடுக்கவேண்டாம்.

இந்த வண்டிக்காரரிடம் இரண்டு பில்லும் இருக்கின்றன. இரண்டாவது துண்டுச்சீட்டுதான், ஆனால் பணம் போனது யூபிஐ-யில். நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் போகவேண்டும். கேஜ் அளவையும் உரிந்த ஓரத்தையும் ஒரே படத்தில் தேதியோடு எடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பானட்டை மறுபடி தேய்க்கக் கொடுக்கவேண்டும். தேய்த்துவிட்டால் சாட்சி போச்சு.

கூரையில் இன்னும் செதில் தூக்கவில்லை. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைக் கழற்றி மொத்தக் கூரையும் அடிப்பதற்குப் பணம் சேரும்வரை அதை யாரும் தொடாமல் இருப்பது நல்லது. நிழலில் நிறுத்துங்கள், பஃபிங் மெஷின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை அந்த முன் ஓரத்துக்கு நேராகப் பிடிக்கவேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள்.